லிரிக்கல் நாவல்: ஒரு கலைச்சொல் வேண்டும்

ம. எழுதியது:

வணக்கம். பிரேசில் நாவல்கள் பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்று மொழிபெயர்ப்பில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லடைவைக் கொடுத்தாக வேண்டும். 'லிரிக்கல் நாவல்' என்ற இடத்தில் வேலை நின்றுவிட்டது. 1963-இல் ரால்ஃப் ஃப்ரீட்மன் இதே தலைப்பில் ஹெஸ்ஸே, ஜீத், வுல்ஃப் என்னும் மூன்று நாவலாசிரியர்களையும் பற்றி நூல் எழுதினார்; சொல் பரவியது அதன் பிறகுதான். நிகழ்ச்சிகளைவிடப் படிமங்களால் நகரும் நாவல் என்பது பொருள்.

இதுவரை 'கவித்துவ நாவல்' என்று போட்டு வந்தேன். அது வகையின் பெயராக நிற்கவில்லை, பாராட்டாகிவிடுகிறது. ஒரு நாவலை இந்த வகையில் தோற்றுப்போன முயற்சி என்று கட்டுரையாளர் சொல்லும் இடத்தில் 'கவித்துவமற்ற கவித்துவ நாவல்' என்று எழுத வேண்டியிருந்தது.

ஒரே அடியிலிருந்து நான்கு சொற்கள் பிறக்க வேண்டும்: நாவல் வகையின் பெயர், அந்தத் தன்மையின் பெயர், உரைநடைக்கு ஓர் அடைமொழி, பிரேசில் விமர்சகர்கள் 'எவ் லீரிக்கு' என்று சொல்லும், பாட்டுக்குள் பேசுகிற 'நான்'.

சு. எழுதியது:

வகுப்பறையில் லிரிக் என்றால் தன்னுணர்ச்சிப் பாடல். மாணவர்கள் தேர்வில் எழுதுவது அதைத்தான். எனவே தன்னுணர்ச்சி நாவல், தன்னுணர்ச்சித் தன்மை, தன்னுணர்ச்சி உரைநடை. இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் தேட வேண்டும்?

இ. எழுதியது:

மூலத்துக்குப் போவோம். லிரிக் என்பது லைரா என்னும் கிரேக்க நரம்புக் கருவியிலிருந்து வந்தது. நம்மிடம் யாழ் இருக்கிறது. யாத்தல் என்றால் கட்டுதல். நரம்பைக் கட்டியது யாழ், சொல்லைக் கட்டியது யாப்பு. கருவியும் செய்யுளும் ஒரே வினையில் பிறந்த மொழி இது. விபுலாநந்த அடிகள் 1947-இல் யாழ் நூலை வெளியிட்டபோது அந்தக் கருவியை மீட்டுக் கொடுத்தார். சொல்லை மீட்பது நம் கடமை. யாழியல் புதினம், யாழ்மை, யாழ்மொழி, யாழ்க்குரல். நான்கும் கிடைத்துவிட்டன. 'நாவல்' என்ற அயற்சொல்லும் வேண்டாம்.

ந. எழுதியது:

இ. ஐயா, நாங்கள் இலங்கையில் 'புதினம்' என்றால் செய்தி. 'யாழ்' என்று தனியே எழுதினால் யாழ்ப்பாணம். 'யாழ்ப் புதினம்' என்று ஒரு தலைப்பைப் பார்க்கிற எங்கள் வாசகர் யாழ்ப்பாணத்துச் செய்தி என்றுதான் எடுப்பார். 'இயல்' சேர்த்தாலும் இசைக்கருவி ஆராய்ச்சி என்றே படும்.

கு. எழுதியது:

யாழ் யாத்தலிலிருந்து வந்தது என்பது அழகான கருத்து. ஈற்று ழகரம் எப்படி வந்தது என்று காட்டும்வரை அது கருத்துதான். அதை வைத்துக் கலைச்சொல் கட்ட வேண்டாம்.

சு. அவர்களின் சொல்லில் எனக்குள்ள தடை வேறு. ஜோசே டி அலென்காரின் 'இராசெமா' (1865) பிரேசிலில் இந்த மரபின் தொடக்கமாகச் சொல்லப்படும் நூல். கதை படர்க்கையில் நடக்கிறது. அங்கே யாருடைய 'தன்'னுணர்ச்சி? பாட்டு வேறு இடத்தில் இருக்கிறது. முதல் வரியைப் பாருங்கள்: 'வெர்தெஸ் மாரெஸ் பிராவியோஸ்', 'தெ மீஞா தெரா நதால்'. போர்த்துக்கீசிய யாப்பில் எண்ணினால் முதல் துண்டு ஆறு அசை, இரண்டாவது ஏழு. பொருள்: என் பிறந்த மண்ணின் சீறும் பச்சைக் கடல்களே. நாவல் விளியில் தொடங்குகிறது. அடுத்த பத்தியின் தலையில் அதே 'பச்சைக் கடல்கள்' வருகிறது; மூன்றாம் பத்தியில், அடங்குங்கள் என்ற ஏவலை ஒட்டி மறுபடி. கடலை அழைத்துப் பேசுவது சிலப்பதிகாரத்தின் கானல்வரி படித்தவர்களுக்குப் புதிதல்ல.

மொழிபெயர்ப்பில் பிழை வருவதும் இங்கேதான். தமிழில் ஆறாம் வேற்றுமை முன்னால் போய்விடும், கடல் வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளப்படும். மூலத்தில் முதலில் கேட்பது பச்சை, அடுத்தது கடல். 'பச்சைக் கடல்களே, என் மண்ணில் சீறும் அலைகளே' என்று பிரித்தால் வரிசை காப்பாற்றப்படும். 'கடல்களே' என்பதை அந்த வரியிலேயே இரண்டு முறை போட்டுவிடக் கூடாது. போட்டால் அடுத்த இரண்டு பத்திகளில் அது திரும்பி வருவது காதில் விழாது.

ஆகவே என் பரிந்துரை உரைப்பாட்டு நாவல். சிலப்பதிகாரம் தன்னை 'உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்' என்கிறது. வேட்டுவ வரியிலும் ஆய்ச்சியர் குரவையிலும் 'உரைப்பாட்டு மடை' என்றே பகுதி உண்டு. உணர்ச்சி யாருடையது என்ற கேள்வியே இந்தச் சொல்லில் எழாது, உரை பாட்டைப் போல் நடக்கிறது என்பது மட்டும் தெரியும்.

ம. எழுதியது:

கு. ஐயா, நன்றி, அந்த வரியை இன்றே திருத்திவிட்டேன். ஆனால் உரைப்பாட்டு என்றதும் வாசகர் வசன கவிதையை நினைப்பார். தொகுப்பில் வசன கவிதை பற்றித் தனிக் கட்டுரையே இருக்கிறது.

பிரேசில் எழுத்தாளர் கிளாரிஸ் லிஸ்பெக்டரின் 'ஜி.எச். எழுதிய பாடுகள்' (1964) நாவலைப் பற்றியும் ஒரு கட்டுரை. மூலத் தலைப்பு 'மத்தேயு எழுதிய சுவிசேஷம்' என்பதன் ஓசையில் அமைந்தது, அதனால் இயேசுவின் துன்பங்களைக் குறிக்கும் 'பாடுகள்' என்றே வைத்திருக்கிறேன். நாவலில் ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசி வாக்கியமும் அடுத்த அத்தியாயத்தின் முதல் வாக்கியமாக வருகிறது. எப்படிக் கையாள்வது?

கு. எழுதியது:

அது அந்தாதி! தொடை எழுத்திலோ சொல்லிலோ நிற்காமல் முழு வாக்கியத்தில் விழுகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. அந்த வாக்கியங்களை முதலில் தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் ஒரே முறை மொழிபெயர்த்து இரண்டு இடத்திலும் எழுத்து மாறாமல் ஒட்டுங்கள். வாக்கியம் முந்தைய அத்தியாயத்தை முடிக்கவும் வேண்டும், புதிய அத்தியாயத்தைத் தொடங்கவும் வேண்டும். எனவே 'ஆகவே', 'அதனால்' போன்ற இணைப்புச் சொற்களை அதில் சேர்க்காதீர்கள். மெய்ப்புத் திருத்துபவரிடமும் சொல்லிவிடுங்கள். தவறுதலாக இருமுறை அச்சாகிவிட்டது என்று எண்ணி ஒன்றை நீக்கிவிடுவார்.

இ. எழுதியது:

அந்தாதி என்பதே வடசொல். அதைக் கொண்டாடுகிற இடத்தில் யாழுக்கு இடமில்லையா?

ப. எழுதியது:

அகப்புதினம் என்று வைத்தால் என்ன? ஜி.எச். என்பது லிஸ்பெக்டரின் கதாநாயகிக்குப் பெயர்கூட அல்ல, அவள் பெட்டியின் மேல் இருக்கும் முதலெழுத்துகள். அகப்பாடலில் ஒருவரைப் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்னும் 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்ற தொல்காப்பிய விதி அப்படியே பொருந்துகிறது. கிமரைன்ஸ் ரோசாவின் 'கிராண்டே செர்தாவ்: வெரேதாஸ்' (1956) நாவலில் நிலமே உணர்ச்சியைத் தூக்கி நடக்கிறது. பிரேசிலின் உள்நாட்டுப் பகுதியைக் குறிக்கும் செர்தாவ் என்பதைப் 'பாலை' என்றே பெயர்த்துவிடலாம்.

கு. எழுதியது:

பெயர் விதியைப் பிடித்தால் இராசெமா வெளியே போவாள், ரோசாவின் பாத்திரங்களான ரியோபால்தோவும் ஜியாதோரிமும் வெளியே போவார்கள். மிஞ்சுவது ஒரே நாவல்.

பாலை வேண்டவே வேண்டாம். கிராசிலியானோ ராமோஸின் 'வீதாஸ் சேக்காஸ்' (1938) காட்டும் செர்தாவ் வறண்ட முள்காடு. அங்கே பாலை என்றால் ஓரளவு ஒத்துக்கொள்வேன். ரோசாவின் செர்தாவ் வடக்கு மினாஸ் ஜெராயிஸ் புல்வெளி. தலைப்பில் உள்ள வெரேதா என்பது புரிச்சிப் பனைகள் வரிசையாக நிற்கும் ஈரப் பள்ளம், நீரோடும் இடம். தலைப்பின் ஒரு பாதியில் நீர் இருக்கும்போது மறுபாதியைப் பாலையாக்கினால் ரோசா வைத்த எதிர்நிலையே போய்விடும். செர்தாவ் செர்தாவாகவே இருக்கட்டும்.

ரியோபால்தோ அத்தியாயப் பிரிவே இல்லாமல் பேசிக்கொண்டே போகிறான். 'வாழ்வது மிக ஆபத்தானது' என்ற வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. அது பல்லவி. ஒவ்வொரு முறையும் சொல்லை மாற்றி 'வாழ்க்கை அபாயகரமானது', 'உயிர்வாழ்தல் இடர்' என்று போட்டால் நாவலின் எலும்பே முறியும்.

சு. எழுதியது:

ரியோபால்தோ 'நான்' என்று பேசுகிறான். ஜி.எச். 'நான்' என்று பேசுகிறாள். ரதுவான் நாசாரின் 'லவோரா அர்காய்க்கா'வில் (1975) ஆந்த்ரே 'நான்' என்று பேசுகிறான். இராசெமா ஒன்றுக்காக வகுப்பறைச் சொல்லைத் தள்ளலாமா?

ந. எழுதியது:

எனக்குத் தன்னுணர்ச்சி சரி. நாவல், நாவலாகவே இருக்கட்டும். போர்த்துக்கீசியத்தில் நாவலுக்கு 'ரொமான்ஸ்' என்று பெயர் என்பதை மறந்து எங்கேனும் 'காதல் கதை' என்று விழுந்திருக்கிறதா என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

ம. எழுதியது:

தேடினேன். மூன்று இடத்தில் விழுந்திருந்தது, திருத்திவிட்டேன்.

நாளை அனுப்ப வேண்டும். தன்னுணர்ச்சி நாவலுக்கு சு., ந. இருவரும் ஒப்புதல், நானும் சேர்ந்துகொள்கிறேன். தன்மைக்குத் தன்னுணர்ச்சிப் பாங்கு. 'எவ் லீரிக்கு' என்பதற்கு இ. ஐயாவின் யாழ்க்குரலை ஒட்டிப் 'பாடுகுரல்' என்று வைக்கிறேன். அடி வேறுதான், ஆனால் யாரும் மறுக்கவில்லை.

கு. எழுதியது:

பாடுகுரல் நல்ல சொல். அதை ஏற்ற பிறகும் வகைப்பெயரில் 'தன்' நிற்பது எனக்கு ஒப்பவில்லை. பாடுகிற குரல் ஆசிரியருடையதாக இருக்க வேண்டியதில்லை என்று காட்டத்தானே அந்தச் சொல்லே பிறந்தது? சொல்லடைவில் இராசெமா பதிவின் கீழ் மட்டுமாவது 'உரைப்பாட்டு நாவல் என்றும் கூறுவர்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன்.

இ. எழுதியது:

யாழ்மைக்கும் ஒரு வரி.