மொய்னா டிரம் மூணே நாளில் காலி: குளத்துப் பச்சைத் தண்ணிதான் காரணமா?

கேள்வி (சுசீந்திரம் பக்கம்):
200 லிட்டர் டிரம்மில் பாதித் தண்ணி. கிணத்துத் தண்ணி, தீனிக்கு ஈஸ்ட், மொய்னா (நீர்த்தெள்ளுன்னு சொல்ற பொடி உயிரி). ஃபைட்டர் மீன் குஞ்சுகளுக்காக வளர்ப்பது. மொய்னா தின்ன பச்சைத் தண்ணி (பாசித் தண்ணி) கிடைக்கட்டும்னு குளத்திலிருந்து 20 லிட்டர் ஊத்தினேன். மறுநாளே குட்டிகள் குறைஞ்சது, மூணாம் நாள் பெரியதும் அடியில் கிடக்கு. தண்ணியைக் கொதிக்க வச்சு ஆத்தி ஊத்தலாமா? மயில்துத்தம் போட்டா பாசி சாகுமா?

பதில் 1:
ரெண்டும் வேண்டாம் அண்ணே. குளத்தில் இருப்பது நீலப்பச்சைப் பாசின்னா அதில் மைக்ரோசிஸ்டின்னு ஒரு நஞ்சு இருக்கலாம். அது ஏழு அமினோ அமிலம் வளையமாகக் கோத்தது, கொதியில் அழியாது. கொதிக்க வச்சா பாசியின் செல் உடைஞ்சு, உள்ளே இருந்த நஞ்சு தண்ணியில் கலக்கும். மயில்துத்தமும் அதையேதான் செய்யும். போதாததுக்கு, அதிலுள்ள செம்பு துளி அளவிலேயே மொய்னாவைக் கொன்னுடும். மிச்சமிருக்கிற மொய்னாவைக் குஞ்சுக்குப் போடாதீங்க. அது குடலில் இருப்பதோடு சேர்ந்து மீனுக்குப் போகும்.

முதலில் அது எந்தப் பாசின்னு பாருங்க. கண்ணாடி பாட்டிலில் முக்கால் பங்கு குளத்துத் தண்ணி எடுத்து, ஆட்டாம ஒரு ராத்திரி வையுங்க. நீலப்பச்சைப் பாசிக்குள்ளே காற்றுப்பைகள் உண்டு. காலையில் மேலே பச்சைச் சாயம் மாதிரி வளையம் கட்டும். சாதாரணப் பச்சைப்பாசி பெரும்பாலும் தண்ணி முழுக்கப் பரவி நிக்கும், இல்லைனா அடியில் படியும். இடவப்பாதிக் காத்து (தென்மேற்குப் பருவக்காத்து) மேற்கிலிருந்து அடிக்கும்போது இந்தப் பாசி ஏடு கிழக்குக் கரையில் ஒதுங்கும். அங்கே மோந்தா நஞ்சைத்தான் அள்ளுவீங்க.

பதில் 2:
நஞ்சுன்னு உடனே முடிவு கட்டாதீங்க. வயலுக்கு அடிச்ச பூச்சிமருந்தும் இதே வேலையைச் செய்யும். பிரிச்சுப் பார்க்க ஒரு வழி இருக்கு. மூணு டம்ளர், ஒவ்வொண்ணிலும் 100 மில்லி: ஒண்ணில் குளத்துத் தண்ணி அப்படியே, ஒண்ணில் அதையே வாட்மேன் 1 ஆம் எண் வடிதாளில் வடிச்சது, ஒண்ணில் கிணத்துத் தண்ணி. தாளைப் பிழியாதீங்க, பிழிஞ்சா செல் உடையும். நல்ல கூட்டத்திலிருந்து, பிறந்து ஒரு நாள் ஆகாத குட்டி பத்துப் பத்தா விடுங்க. மூணுக்கும் ஒரே அளவு ஈஸ்ட் துளி. இல்லைனா பட்டினியால் செத்ததா, பாசியால் செத்ததான்னு தெரியாது. 48 மணி நேரம் கழிச்சு எண்ணுங்க. வடிச்ச தண்ணியிலும் சில மணி நேரத்தில் செத்தா மருந்து, அம்மோனியா பக்கம் சந்தேகப்படுங்க. கரைஞ்ச மைக்ரோசிஸ்டின் அவ்வளவு வேகமாக் கொல்லாது, தின்னாத்தான் அடி.

கேட்டவர்:
பாட்டிலில் மேலே பச்சை வளையம். 48 மணியில் குளத்துத் தண்ணியில் 3 உயிரோடு, வடிச்சதில் 9, கிணத்துத் தண்ணியில் 10. லென்ஸில் பார்த்தா செத்ததுக்குக் குடல் வெறுமையா கண்ணாடி மாதிரி இருக்கு. ரெண்டு மூணு, பழைய மேலோட்டை வாலில் இழுத்துக்கிட்டே கிடக்கு.

பதில் 2:
அப்போ ஆள் பாசிதான். பத்து மடங்கு லென்ஸில் நல்ல மொய்னாவுக்குக் குடல் தின்ற தீனியின் நிறத்தில் கோடாத் தெரியும். மைக்ரோசிஸ்டிஸ்ங்கிற நீலப்பச்சைப் பாசி வழுவழுப்பான கூட்டமா வந்து வடிகட்டும் கால்களில் சிக்குது. அதைத் தள்ளும்போது கூடவே நல்ல ஈஸ்டையும் தள்ளிடுது. உள்ளே போனதிலும் சத்து குறைவு. வளர்ச்சிக்கு வேண்டிய ஸ்டெரால்ங்கிற கொழுப்புச் சத்து அதில் இல்லை. ஓடு கழலாததுக்கு மைக்ரோவிரிடின் காரணமா இருக்கலாம். மொய்னாவின் உறவான டாஃப்னியாவில் அது தோலுரிப்பைத் தடுக்கும் நஞ்சு.

பழகிய கூட்டம் கொஞ்சம் தாங்கும். ஐரோப்பாவின் கான்ஸ்டன்ஸ் ஏரிச் சேற்றில் கிடந்த டாஃப்னியா உறங்குமுட்டைகளை (பொரிக்காம நெடுநாள் கிடக்கும் முட்டைகள்) பொரிக்க வச்சு, 1999-இல் இதை நிரூபிச்சாங்க. உங்க கூட்டம் கிணத்துத் தண்ணியில் வளர்ந்தது, பழக்கமே இல்லை.

பதில் 1:
டிரம்மை முழுசாக் காலி பண்ணித் தேய்ச்சுக் கழுவி வெயிலில் காய வையுங்க. ஊத்துற தண்ணி ஆடுமாடு குடிக்கிற இடத்துக்குப் போகக்கூடாது, கையுறை போட்டுக்குங்க. பிறகு 100 லிட்டர் கிணத்துத் தண்ணி, 2 முதல் 3 கிராம் ஈஸ்ட், லிட்டருக்கு 25 மொய்னா. தண்ணி தெளிஞ்ச பிறகுதான் அடுத்த ஈஸ்ட். பச்சைத் தண்ணி வேணும்னா குளோரெல்லாங்கிற பச்சைப்பாசியைத் தனியா வளர்த்து ஊத்துங்க.

கேட்டவர்:
அடியில் பழுப்பாச் சின்னச் சின்ன மணி கிடக்கு. கழுவி விட்டுடவா?

பதில் 2:
விடாதீங்க! உறங்குமுட்டையா இருக்கும். நல்ல தண்ணியில் நாலஞ்சு தடவை அலசி, நிழலில் காயவச்சுத் தாளில் மடிச்சு வையுங்க. கூட்டம் அழிஞ்சா, கிணத்துத் தண்ணியில் போட்டு வெளிச்சத்தில் வச்சா அதிலிருந்தே திரும்பத் தொடங்கலாம்.