மறு: ‘குளோன்’ எழுத்துருவுக்குக் கலைச்சொல் – படியுரு, மீட்டுரு

> ரிவைவல் (பழைய எழுத்துருவைப் புதிதாக வரைந்து மீட்பது), குளோன் (இருக்கும் எழுத்துருவின் வடிவத்தை வேறு பெயரில் எடுப்பது) இரண்டுக்கும் ‘நகலி’ போதுமே. இரண்டும் பழைய எழுத்தைப் பார்த்துச் செய்தவைதானே?

போதாது ஐயா. இசைத்தட்டு உறையில் இருப்பது எந்த எழுத்து என்று தேடுகிறவருக்கு இந்த வேறுபாடுதான் முக்கியம்.

ஹெல்வெட்டிகா என்ற எழுத்துரு 1957இல் ‘நோயா ஹாஸ் குரோட்டெஸ்க்’ என்ற பெயரில் அச்சுக்கோக்கும் ஈய எழுத்தாக வந்தது. எழுத்துரு வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் ஷ்வார்ட்ஸ் அந்தப் பழைய வடிவத்துக்கே போய்ப் புதிதாக வரைந்து, பழைய பெயரிலேயே கணினிக்குக் கொண்டுவந்தார். இது மீட்டுரு. ‘மீட்டுருவாக்கம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் விளக்கம் தேவைப்படாது.

பிட்ஸ்ட்ரீம் என்ற எழுத்துரு நிறுவனத்தின் ‘ஸ்விஸ் 721’ அப்படியல்ல. ஹெல்வெட்டிகாவின் வடிவம், வேறு பெயர். அமெரிக்காவில் எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, பெயரோ வணிகக்குறி. பெயரை மாற்றுவது அதனால்தான். இதற்குப் ‘படியுரு’ என்பது என் முன்மொழிவு. ‘போலி’ வேண்டவே வேண்டாம், சட்டப்படி செய்ததைத் திருட்டாக்கிவிடும்.

கணினிகளில் இருக்கும் ‘ஏரியல்’ எழுத்துரு இந்த இரண்டிலும் சேராது. ஹெல்வெட்டிகாவின் எழுத்து அகலங்களை மட்டும் எடுத்துக்கொண்டது. சிறிய ‘டீ’யின் (t) தலை ஹெல்வெட்டிகாவில் மட்டமாக இருக்கும், ஏரியலில் சாய்வாக வெட்டியிருக்கும், பெரிய ‘ஜி’யின் (G) கீழ்வலப்புறத் துருத்தலும் ஏரியலில் இல்லை. இதை ‘அகல ஒப்புரு’ எனலாமா?

——

> இதை ‘அகல ஒப்புரு’ எனலாமா?

படியுரு, மீட்டுரு இரண்டுக்கும் என் ஆதரவு. ‘ஒப்புரு’ உறுத்துகிறது, உருவமே ஒத்திருப்பதாகப் படும். ‘சம அகல எழுத்துரு’ என்றால் மோனோஸ்பேஸ் (எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் இருக்கும் வகை) என்று நினைப்பார்கள். ‘அகலநிகரி’ எப்படி?

சொற்பட்டியலில் விளக்கம் எழுதும்போது, உறையில் இருப்பது எந்த எழுத்துரு என்று சோதிக்கும் முறையையும் சேர்க்க வேண்டும். 1966இல் வந்த பீச் பாய்ஸ் குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ இசைத்தட்டு உறையில் கூப்பர் பிளாக் என்ற எழுத்துரு இருக்கிறது. அந்த எழுத்து 1922இல் ஈயத்தில் வந்தது. உறையை அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கேன் செய்து, பெரிய எழுத்தின் உயரத்தைக் கணினி எழுத்தோடு பொருத்துங்கள். பிறகு ஒவ்வோர் எழுத்தாக மேலே வைத்துப் பாருங்கள். முழு வரியை வைத்தால் பொருந்தாது. அந்தக் காலத்தில் தலைப்புகளின் எழுத்து இடைவெளியைக் கையால் நெருக்கிக் கோப்பது வழக்கம். மூலைகள் மழுங்கியிருந்தால் உடனே ‘வேறு எழுத்துரு’ என்று முடிவுகட்டாதீர்கள், மை பரவினாலும் அப்படித்தான் தெரியும். நம்பகமானவை உள்வெளியின் (எழுத்துக்குள் அடைபட்ட வெற்றிடத்தின்) சாய்வும் தண்டுத் தடிப்பும் (எழுத்தின் முதன்மைச் செங்குத்துக் கோட்டின் தடிப்பு). கூப்பர் பிளாக்கின் ‘ஓ’வில் உள்வெளி பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். முடிந்தவரை முதல் பதிப்புத் தட்டின் உறையையே எடுங்கள். சிடி மறுவெளியீட்டில் தலைப்பைப் புதிதாகக் கோத்திருக்கக்கூடும்.

ஒரு வகை விடுபட்டிருக்கிறது. பீட்டில்ஸின் ‘ரப்பர் சோல்’ (1965) உறைத் தலைப்பு சார்லஸ் ஃபிரன்ட் கையால் வரைந்தது. அதற்கு மூல எழுத்துரு என்று எதுவும் கிடையாது. ஒரே எழுத்து இரண்டு முறை வரும் தலைப்புகளில் அவ்விரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கைவரைவு பெரும்பாலும் பிடிபட்டுவிடும். அத்தகைய தலைப்பைப் பார்த்துப் பின்னால் செய்யும் எழுத்துருவைப் படியுரு என்பது தவறு, மீட்டுரு என்பதும் தவறு. ‘வரைவழி எழுத்துரு’ என்று தனிப்பதிவு போடலாம்.