தூண்டில் போடும்போது யாராவது வந்து கேள்வி கேட்ட அனுபவம் உண்டா?

வெண்ணாற்றுத் தக்கை:

போன ஆவணியில் நடந்தது. சொன்னால் சிரிப்பார்கள் என்று இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை. தென்பெரம்பூர் சட்ரஸுக்கு (தண்ணீரைத் திறந்து மூடுகிற மதகு) கீழே, வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு பிரிகிற இடம். ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கெல்லாம் நானும் மச்சானும் போய் உட்கார்ந்துவிட்டோம். நல்ல கலங்கல் தண்ணீர், மதகு நுரை தள்ளுகிற இடத்தில் கெண்டை சுற்றிக்கொண்டே இருந்தது. மைதாவில் தவிடு பிசைந்து, கொஞ்சம் ஏலக்காய்த் தூளும் போட்டிருந்தேன் (ஏலக்காய் மச்சானின் நம்பிக்கை, மீனின் நம்பிக்கையா தெரியாது). எட்டு மணிக்குள் மூன்று கெண்டை. மூன்றையும் போட்டோ எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிட்டேன்.

நாலாவதைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது பாலத்திலிருந்து மூன்று பேர் இறங்கி வந்தார்கள். இரண்டு பெண்கள், ஒரு பையன். பையன் வரும்போதே போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்துவிட்டான், அதில்தான் எனக்கு முதல் கோபம். அந்தப் பெண்களில் ஒருத்தி ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள், "அண்ணா, அதுக்கு வலிக்காதா?"

"மீனுக்கு வலியே தெரியாதும்மா" என்றேன். எங்கள் அப்பா சொன்னது, அவருக்கு அவர் அப்பா சொன்னது. அவள் விடவில்லை. 2003இல் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடன் என்கிற விஞ்ஞானி டிரவுட் மீனின் உதட்டில் தேனீ விஷத்தையும் அமிலத்தையும் ஏற்றிப் பார்த்தாராம். மீன்கள் நெடுநேரம் இரை எடுக்காமல் ஆடி ஆடிக் கிடந்தனவாம், சில வாயைத் தொட்டியின் அடியில் கிடந்த கூழாங்கல்லில் போய்த் தேய்த்தனவாம். வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தேன், உண்மைதான். வலியை உணர்கிற அளவு மீனுக்கு மூளை கிடையாது என்று ஜேம்ஸ் ரோஸ் என்கிற அமெரிக்கர் அதற்கு முந்தைய வருஷமே எழுதியிருக்கிறார், அதையும் பார்த்தேன். ஆனால் அந்தக் கல்லில் தேய்த்த விஷயம் மனசை விட்டுப் போகவில்லை.

மச்சான் குறுக்கே வந்து, "ஜல்லிக்கட்டை நிறுத்தச் சொன்ன கூட்டம்தானே நீங்க?" என்று ஆரம்பித்தார். அவள் அசரவே இல்லை. "2017ல நான் பிளஸ் டூ. தஞ்சாவூர்ல நானும்தான் போய் உட்கார்ந்திருந்தேன் அண்ணா" என்றாள். மச்சான் தூண்டிலைப் பார்க்கப் போய்விட்டார்.

அப்புறம் அவள் கேட்டதுதான் கேள்வி. "சாப்பிடத்தான் பிடிக்கிறீங்களா?" நான் இதற்காகவே காத்திருந்த மாதிரி நிமிர்ந்து, "இல்லம்மா, நாங்க பிடிச்சுட்டு விட்டுடுவோம், கொல்ல மாட்டோம்" என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. "சாப்பிடக்கூட இல்லையா? அப்ப எதுக்கு?" என்றாள்.

கையில் கெண்டை. பதில் இல்லை. உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள், என்ன பதில் சொன்னீர்கள் என்றும் சொல்லுங்கள்.

அணைக்கரைக்காரன்:

நீங்கள் ஏன் அவ்வளவு நேரம் நின்று பேசினீர்கள் என்பதே எனக்குப் புரியவில்லை. என்னிடமும் கொள்ளிடக் கரையில் ஒருவர் வந்தார். "ஐயா, கொஞ்சம் கீழே நடந்து போங்க, ராத்திரியானா இன்வெர்ட்டரும் பேட்டரியும் தூக்கிட்டு வந்து ஷாக் அடிச்சுப் பிடிக்கிறான், பெருசு சிறுசு முட்டை எல்லாம் சேர்ந்து வெள்ளையா மிதக்கும், அவன்கிட்ட போய்ப் பேசுங்க" என்றேன். அவர் போகவில்லை. ஷாக் அடிப்பவன் கையில் கம்பி இருக்கும், என் கையில் மண்புழு. வெடியும் விஷமும் வைத்து மீன் பிடிப்பது குற்றம் என்று 1897ஆம் வருஷத்து மீன்வளச் சட்டத்திலேயே இருக்கிறது, வெள்ளைக்காரன் போட்டது. யார் பிடித்தார்கள்?

இன்னொன்று. பீட்டா அமைப்பு 2008இல் மீனுக்கு 'கடல் பூனைக்குட்டி' என்று பெயர் வைத்துப் பிரசாரம் செய்தது. எங்கள் வீட்டுப் பூனையிடம் யாராவது அதை எடுத்துச் சொல்லுங்கள்.

மாயூரம் வாத்தியார்:

சிரித்துவிட்டேன். ஆனால் தக்கை தம்பி கேட்டது அதுவல்ல. அந்தப் பெண் கேட்டதில் ஒரு சட்டக் கேள்வி ஒளிந்திருக்கிறது, அவளுக்கே தெரிந்து கேட்டாளோ என்னவோ. நம் நாட்டு 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டத்தில் விலங்கு என்றால் மனிதன் தவிர்த்த எந்த உயிரும்தான், மீனும் அதில் அடக்கம். உணவுக்காகக் கொல்வதை 11ஆவது பிரிவு விலக்கி வைத்திருக்கிறது, அதுவும் அநாவசியமாக வலி கொடுக்காதவரை. ஆகக் குழம்பு வைப்பவனுக்குச் சட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது. பிடித்து விடுகிறவனுக்கு அந்த வாசல் எங்கே?

ஸ்விட்சர்லாந்தில் 2008இலிருந்து, திரும்ப விடுகிற எண்ணத்தோடு தூண்டில் போடுவதே தப்பு. ஜெர்மனியிலும் கிட்டத்தட்ட அப்படித்தான், தகுந்த காரணம் இல்லாமல் விலங்குக்கு வலி உண்டாக்கக்கூடாது, பொழுதுபோக்கு தகுந்த காரணம் ஆகாது. அங்கே தம்பி மாட்டுவார், சாப்பிடப் பிடிக்கிறவராக இருந்தால் அணைக்கரையார் தப்பித்துவிடுவார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இதே காவிரியில், மேலே கர்நாடகத்தில், திமில் உள்ள மஹ்சீர் மீனுக்காக வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருவார்கள். பிடித்து, எடை போட்டு, நோட்டில் எழுதிவிட்டு விடுவது வழக்கமாக இருந்தது. காலிபோர் என்கிற தூண்டில் முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதிய அந்தக் கணக்கை வைத்துத்தான், திமில் மீன் அற்றுப்போய்க்கொண்டிருக்கிறது, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட வேறு மஹ்சீர்தான் ஆற்றை நிரப்பியிருக்கிறது என்பதே தெரியவந்தது. 2018இல் திமில் மீனை மிக மிக ஆபத்தான நிலையில் இருப்பதாக அறிவித்தார்கள். சரணாலயத்துக்குள் தூண்டிலும் வேட்டைதான் என்று முகாம்களில் மீன்பிடிப்பை அதற்கு முன்பே நிறுத்தியாயிற்று. நிறுத்தியது சரியா என்று கேட்டால் சரிதான் என்பேன், ஆனால் இப்போது அந்த நோட்டில் எழுத யாரும் இல்லை என்பதும் உண்மை.

நாகை உப்புக்காற்று:

நான் கடல்காரன், உங்கள் தூண்டில் எனக்கு விளையாட்டு. ஏப்ரல் 15லிருந்து 61 நாள் தடைக்காலத்தில் போட்டைக் கரையேற்றிவிட்டு வாய்க்கால் பக்கம் வந்து தூண்டில் போடுவேன், அவ்வளவுதான். எங்களிடம் யாரும் வந்து வலிக்குமா என்று கேட்டதில்லை. கேட்டால் வலிக்கும் என்றுதான் சொல்வேன். வலை தூக்கும்போது கொட்டுகிற மீன் எப்படிச் சாகிறது என்று தினம் பார்க்கிறவன் நான், அது துள்ளுவது சந்தோஷத்தில் என்று எவன் சொல்வான்.

ஆனால் 'பிடித்து விட்டுவிடுவோம்' என்று நீங்கள் பெருமையாகச் சொன்னதற்கு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் ஊர் அதிபத்த நாயனார் கதை தெரியும் அல்லவா? நுளைப்பாடிக்காரர், பரதவர். தினமும் வலையில் படுகிற முதல் மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவிடுவார். நாள்கணக்கில் ஒரே ஒரு மீன்தான் பட்டது, அதையும் விட்டார். வீட்டில் பட்டினி. கடைசியில் பொன் மீன் பட்டது, அதையும் விட்டார். இன்றைக்கும் ஆவணி ஆயில்யத்தன்று நீலாயதாட்சியம்மன் கோயில் சாமி கடற்கரைக்கு வரும், தங்க மீன் விடுவார்கள், எங்கள் சனம் மொத்தமும் அங்கேதான் நிற்கும். அவர் பசியோடு விட்டார். நீங்கள் இட்லி சாப்பிட்டுவிட்டு விடுகிறீர்கள்.

வெண்ணாற்றுத் தக்கை:

இட்லி இல்லை அண்ணே, பொங்கல். ஆனால் சுருக்கென்று குத்திவிட்டது.

பாமணி அக்கா:

ஆம்பளைகள் எல்லாரும் சட்டமும் சாமியும் பேசியாயிற்று, இனி நான் சொல்கிறேன். சின்ன வயதிலிருந்து அப்பாயியோடு வாய்க்காலில் மீன் பிடித்தவள். நடவு முடிந்து வருகிற வழியில் பழைய சேலையை இரண்டு பேர் பிடித்து அரித்தால் அயிரையும் உளுவையும் கிடைக்கும், வயலுக்கு மருந்து அடிக்கிறது கூடின பிறகு அதெல்லாம் குறைந்துபோயிற்று. தூண்டில் கல்யாணத்துக்கு அப்புறம் பழகியது. என்னிடம் எந்தப் போராளியும் வந்ததில்லை. வந்தது ஒரு விரால்.

இரண்டு ஐப்பசிக்கு முன்னால், மழை விட்ட மதியம், எங்கள் ஊர்க் குளத்தில் அல்லிக்கு நடுவே தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஓரிடம். விரால் குஞ்சு. தீக்குச்சி நீளம்கூட இருக்காது, செக்கச்செவேலென்று ஐந்நூறோ ஆயிரமோ, மூச்சு வாங்க ஒன்றாக மேலே வரும், ஒன்றாகக் கீழே போகும். குஞ்சு இருந்தால் அடியில் பெரிய விரால் காவல் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதற்குப் பசி இருக்காது. குஞ்சுக் கூட்டத்துக்குள் ரப்பர் தவளையைப் போட்டு இழுத்தால், தின்பதற்காக அடிக்காது, விரட்டுவதற்காக அடிக்கும். நானும் போட்டேன். இரண்டாவது இழுப்பிலேயே அடித்தது. ஒன்றே முக்கால் கிலோ.

கரையில் சாம்பலும் கல்லும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விரால் லேசில் சாகாது, சந்தையில் உயிரோடேதான் சாம்பல் போட்டு உரசுவார்கள், நானும் அப்படித்தான் பழகியிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் குஞ்சுக் கூட்டம் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் சளக் சளக் என்று சத்தம். ஜிலேபிக் கெண்டை. ஒரு பக்கத்திலிருந்து தின்றுகொண்டே வந்தது. நான் அந்த விராலைக் கழுவி முடிக்கிறதற்குள் சிவப்பே தெரியவில்லை.

குழம்பு வைத்தேன், சாப்பிட்டேன், பொய் சொல்ல மாட்டேன், ருசியாகத்தான் இருந்தது. ஆனால் குஞ்சோடு இருப்பதை அதற்கப்புறம் தொடவில்லை. இப்போது எது கிடைத்தாலும் முதலில் மண்டையில் கட்டையால் ஒரே போடு, அப்புறம்தான் சாம்பல். என் வீட்டுக்காரர், "செத்த மீனுக்கு இவ்வளவு மரியாதையா" என்பார். அந்தப் பெண் என்னிடம் வந்து வலிக்குமா என்று கேட்டிருந்தால், "ஆமாம் தங்கச்சி, அதனாலதான் கட்டை வெச்சிருக்கேன்" என்று சொல்லியிருப்பேன். அவளுக்கு அது போதாது, தெரியும். எனக்கும் மீன் வேண்டும்.

அணைக்கரைக்காரன்:

அக்கா சொன்னது சரி. குஞ்சோடு இருக்கிற விராலைப் பிடிக்கிறவனை ஷாக் அடிக்கிறவனோடுதான் சேர்க்க வேண்டும், நான் அதில் கறார்.

வெண்ணாற்றுத் தக்கை:

எல்லாருக்கும் நன்றி. நான் செய்தது இவ்வளவுதான். குறடால் தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கிற சின்ன முனையை நசுக்கிவிட்டேன், கழற்றும்போது வாய் கிழிவதில்லை. நாலில் ஒன்று நழுவிப் போகிறது, மச்சான் திட்டுகிறார். போட்டோவுக்காகத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடிப்பதை நிறுத்தினேன். இரண்டு கெண்டை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு, தூண்டிலைச் சுருட்டிவிட்டு வருகிறேன். விட்டுவிடுகிறேன் என்று இப்போது யாரிடமும் பெருமை பேசுவதில்லை.

பாமணி அக்கா:

தம்பி, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னீர்கள், விரால் குஞ்சு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லையே?

வெண்ணாற்றுத் தக்கை:

போன தீபாவளிக்கு நான் நாலு கிலோ விராலைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ போட்டிருந்தேன் அல்லவா அக்கா, நீங்கள்கூட 'சூப்பர் தம்பி' என்று எழுதியிருந்தீர்கள். அது எந்த இடத்தில் அடித்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.