நெஞ்சில் ஏறி உட்காரும் அமுக்குவான்: எனக்கு நடந்ததும் காரணமும்

கல்லூரி விடுதியில் இருந்தபோது நடந்தது. பரீட்சை நேரம், ஒழுங்கான தூக்கமே இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மல்லாந்து படுத்தவனுக்குத் திடீரென்று முழிப்பு வந்தது. ஃபேன் சுற்றுவது தெரிகிறது, வராந்தாவில் யாரோ பக்கெட்டை இழுக்கும் சத்தம் கேட்கிறது. ஆனால் ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை. நெஞ்சில் யாரோ முழங்காலை ஊன்றி அழுத்துவதுபோல் பாரம். தலைமாட்டில் ஓர் ஆள் நிற்கிறான் என்று நிச்சயமாகத் தோன்றியது. கத்திப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாம் தானாக விலகியது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

ஊருக்குப் போனபோது ஆச்சியிடம் சொன்னேன். "அமுக்குவான்டா அது. மல்லாக்கப் படுக்காதன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்று, தலையணைக்கு அடியில் ஓர் இரும்புச் சாவியை வைத்துவிட்டார்.

காரணம் தெரிந்தது பல வருடம் கழித்துத்தான். தூக்கத்தில் கண்விழிகள் வேகமாக அசையும் கட்டம் ஒன்று உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953இல் இதைப் பற்றி எழுதினார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் வருவது அப்போதுதான். கனவில் ஓடினால் நிஜத்தில் கட்டிலை விட்டு எழுந்து ஓடிவிடாதபடி, மூளைத்தண்டு கை, கால் தசைகளைத் தளர்த்தி வைத்துவிடுகிறது. சில சமயம் அந்தக் கட்டு அவிழும் முன்பே நினைவு வந்துவிடும். கண் திறந்திருக்கும், உடம்பு இன்னும் தூக்கத்தில் இருக்கும், கனவும் பாதி ஓடிக்கொண்டிருக்கும். தலைமாட்டில் நிற்கிற ஆள் அந்தக் கனவிலிருந்து வருகிறவன்.

என்னை அசத்தியது நெஞ்சுப் பாரத்துக்கான விளக்கம். அந்த நேரத்தில் விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகளும் தளர்ந்துவிடுவதால், மூச்சு பெரும்பாலும் உதரவிதானத்தால்தான், அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள தசையால்தான் நடக்கிறது. மூச்சு நிற்பதில்லை. ஆனால் பயத்தில் நாம் ஆழமாக இழுக்கப் பார்க்கிறோம், மார்பு விரிய மறுக்கிறது. அதைத்தான் யாரோ மேலே உட்கார்ந்திருப்பதாக உணர்கிறோம்.

ஆச்சி சொன்னதும் வீண் பேச்சில்லை. மல்லாந்து படுப்பவர்களுக்கு இது அதிகம் வருவதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. தூக்கம் கெடுவது இன்னொரு பெரிய காரணம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வந்த கட்டுரை ஒன்றில், பொதுமக்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கும் மாணவர்களில் சுமார் 28 சதவீதம் பேருக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது இது வந்திருப்பதாகக் கணக்கிட்டிருந்தார்கள். ஜப்பானில் இதைக் கனாசிபாரி என்கிறார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிழவி வந்து அமுக்குவதாகச் சொல்வார்கள்.

எங்கள் தெருவில் நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ் அக்கா ஒருவருக்கு அடிக்கடி வந்தது. வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அந்தக் கயிறு தந்த தைரியத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் டியூட்டி மாறி, இரவில் தூங்க ஆரம்பித்த பிறகுதான் அவருக்குக் குறைந்தது.

அடுத்த முறை வந்தால் முண்டாதீர்கள், முண்ட முண்டப் பயம்தான் கூடும். மூச்சை அதன் போக்கில் விட்டு, கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். எனக்கு அது உதவுகிறது. அடிக்கடி வந்து, பகலிலும் அடக்க முடியாமல் தூக்கம் சொக்கினால் டாக்டரிடம் காட்டுவது நல்லது. உங்களுக்கு வந்தபோது யார் நின்றார்கள், வீட்டில் என்ன சொன்னார்கள்? எழுதுங்கள்.