புதுப்பிப்பு: மாத்திரையை மறுத்த அண்ணன் மாத ஊசிக்குச் சம்மதித்துவிட்டார்

பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) உள்ள என் அண்ணன், "எனக்கு ஒரு நோயும் இல்லை" என்று மாத்திரையைத் தொடவே மறுக்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது, "நோய் இருக்கிறதா என்ற வாக்குவாதத்தையே விடுங்கள், அவரை எது வாட்டுகிறது என்று கேளுங்கள்" என்ற யோசனைதான். நோயை உணர முடியாத இந்த நிலைக்குப் பெயர் அனோசோக்னோசியா. அது வீம்பு இல்லை, நோயின் ஒரு பகுதியே. கேட்டேன். "சுவருக்கு அந்தப் பக்கம் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், தூங்கவே விடுவதில்லை" என்றார். "தூக்கத்துக்காக டாக்டரைப் பார்க்கலாமா அண்ணா?" என்றதும் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். டாக்டர் எதையும் மறைக்காமல் விளக்கினார். தினசரி மாத்திரைத் தொல்லை இல்லை என்பதால் அண்ணன் மாத ஊசிக்குச் சம்மதித்தார்.

எதிர்பாராத விஷயம் ஒன்று: அவருக்குப் போட்டது அரிபிப்ரசோல் ஊசி. முதல் ஊசிக்குப் பிறகு 14 நாள் மாத்திரையும் தொடர வேண்டும். அதற்கும் பேசித்தான் சம்மதிக்க வைத்தோம்.

இன்னொன்று, உட்கார முடியாமல் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தார். உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். நோய் முற்றுகிறதோ என்று பதறிவிட்டேன். அது அகதீசியா என்ற, மருந்தின் பக்கவிளைவாம். டாக்டர் ஊசியின் அளவை 400 மில்லிகிராமிலிருந்து 300 ஆகக் குறைத்ததும் தணிந்தது. இதைக் கண்டால் தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அவருக்குத் தெரியாமல் உணவில் மாத்திரையைக் கலக்கும் யோசனையை நான் எடுக்கவில்லை. தெரிந்தால் என்னை நம்பவே மாட்டார்.

குரல்கள் முழுதும் நிற்கவில்லை. ஆனால் தூங்குகிறார்.