அண்ணன் இறந்துவிட்டார், கடன் இருக்கிறது: இன்சூரன்ஸ் பணத்தை வங்கி கேட்க முடியுமா?

இளையவன்:
அண்ணன் திடீரென்று இறந்துவிட்டார். ஒரு டேர்ம் பாலிசி இருக்கிறது, நாமினி அண்ணி. கூடவே வீட்டுக் கடன், ஒரு பர்சனல் லோன், கிரெடிட் கார்டு பாக்கி. வசூல் ஆட்கள் அண்ணிக்கு ஓயாமல் போன் செய்து, கிளைம் பணம் வந்ததும் எங்களுக்குக் கட்டுங்கள், இல்லையென்றால் உங்கள் மேல் கேஸ் வரும் என்கிறார்கள். அவரும் பயந்துபோய்க் கட்டிவிடலாம் என்கிறார். பிள்ளைகள் படிப்புக்கு இதை விட்டால் வேறு பணம் இல்லை. இதற்கு நடுவில், அம்மாவுக்கும் பங்கு உண்டு என்று ஒரு உறவினர் கிளப்பிவிட்டிருக்கிறார். பர்சனல் லோனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டது நான். என்ன செய்வது?

தராசு:
முதலில் அண்ணியை எதிலும் கையெழுத்து போடாமல் இருக்கச் சொல்லுங்கள். "பாக்கியை நான் ஏற்கிறேன்" என்று ஒரு கடிதம் கொடுத்தால் இல்லாத பொறுப்பு அவர் தலையில் வந்துவிடும். இறந்தவரின் கடனுக்கு வாரிசுகள் தங்கள் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டியதில்லை, அவர் விட்டுப்போன சொத்து கைக்கு வந்த அளவுக்குத்தான் பொறுப்பு (சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 50). வீட்டுக் கடன் வேறு மாதிரி, வீடே அடமானத்தில் இருப்பதால் கட்டாவிட்டால் வங்கி அதை விற்கலாம். ஆனால் அந்தக் கடனோடு சேர்த்தே ஒரு இன்சூரன்ஸ் எடுத்திருப்பார்கள் பல பேர், குடும்பத்துக்கே தெரியாது. வங்கியில் எழுத்தில் கேளுங்கள்.

பாலிசி பணம் பற்றி: 2015 திருத்தத்துக்குப் பிறகு மனைவி, பிள்ளைகள், பெற்றோர் நாமினியாக இருந்தால் அந்தத் தொகை அவர்களுக்கே உரியது என்று இன்சூரன்ஸ் சட்டம் பிரிவு 39 சொல்கிறது. வசூல் ஆள் போனில் மிரட்டுவதெல்லாம் சும்மா. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கூப்பிடவே கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

மழைக்கால்:
தராசு சொன்னது பெரும்பாலும் சரி, ஆனால் அம்மா விஷயத்தில் அவ்வளவு உறுதியாக இருக்க வேண்டாம். நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கு என்று உச்ச நீதிமன்றம் 1984-ல் சொன்னது. திருத்தத்துக்குப் பிறகும் அதே கருத்தைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025-ல் எடுத்திருக்கிறது. அங்கே நாமினி தாய், பங்கு கேட்டது மனைவியும் குழந்தையும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாயும் முதல் வகுப்பு வாரிசு, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சமமாக. அதனால் அம்மா, அண்ணி இருவரையும் உட்கார வைத்துப் பேசி முடிப்பது நல்லது, உறவினரைக் கூப்பிடாமல்.

பாலிசி பத்திரத்தில் இரண்டு விஷயம் பாருங்கள். வீட்டுக் கடனுக்காக வங்கிக்கு அசைன்மென்ட் செய்திருந்தால், அதாவது பாலிசி உரிமையை வங்கி பெயருக்கு எழுதிக் கொடுத்திருந்தால், பணம் முதலில் அங்கேதான் போகும். திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம், 1874-ன் கீழ் எடுத்திருந்தால் கடன்காரர்களும் தொட முடியாது, மற்ற வாரிசுகளும் கேட்க முடியாது.

இளையவன்:
பத்திரத்தைத் தேடுகிறேன். என் ஜாமீன் பற்றி யாரும் சொல்லவில்லையே?

தராசு:
அதுதான் இதில் கசப்பான பகுதி. அண்ணி தப்பிக்கலாம், நீங்கள் தப்பிக்க முடியாது. ஒப்பந்தச் சட்டப்படி கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. கட்டினால் அதை அண்ணன் சொத்திலிருந்து கேட்கும் உரிமை உங்களுக்கு வரும், ஆனால் அது கடைசியில் அண்ணியிடமும் பிள்ளைகளிடமும் கேட்பதுதான். அதனால் நீங்களே மேலாளரைப் போய்ப் பாருங்கள். அந்த லோனுக்கும் இன்சூரன்ஸ் பிரீமியம் பிடித்திருக்கிறார்களா என்று ஸ்டேட்மெண்டில் பார்த்துவிட்டு, இல்லையென்றால் வட்டியையும் அபராதத்தையும் தள்ளுபடி செய்து ஒரே தொகையாக முடிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள், பாக்கி இல்லை என்ற சான்றும் வாங்கிவிடுங்கள்.