ஓரகத்தி பையன் வீடு முழுக்கத் தவழ்கிறான், என் மகள் இன்னும் தவழவில்லை. வாக்கர் வாங்கலாமா?

பவானிக்கரை:
எங்கள் வீட்டில் ஒரே மாதத்தில் இரண்டு குழந்தைகள். ஓரகத்தியின் பையன் நாள் நிறைந்து பிறந்தவன். என் மகள் 33 வாரத்திலேயே வந்துவிட்டாள், 1.8 கிலோ, கொஞ்ச நாள் இன்குபேட்டர். இப்போது இருவருக்கும் 10 மாதம். அவன் தவழ்ந்து போய் அரிசி டப்பாவைக் கவிழ்க்கிறான், கட்டிலைப் பிடித்து எழுந்து நிற்கிறான். இவளை உட்கார வைத்தால் பிடிமானம் இல்லாமல் நன்றாகவே உட்காருகிறாள். குப்புறப் போட்டால்தான் கூத்து. முன்னால் வராமல் பின்னாலேயே போய், பீரோவுக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டு கத்துகிறாள். சில சமயம் உட்கார்ந்தபடியே இடுப்பை ஆட்டி ஆட்டி நகர்கிறாள். பொரியைப் போட்டால் அவன் இரண்டு விரலால் கிள்ளி எடுக்கிறான், இவள் ஐந்து விரலாலும் வாருகிறாள்.

வருகிறவர்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் என்னைப் பார்க்கிறார்கள். அத்தை வாக்கருக்கு விலையே கேட்டுவிட்டு வந்துவிட்டார். வாங்கலாமா? டாக்டரிடம் காட்டுவதா, பொறுப்பதா?

இரண்டுவால்_அம்மா:
என் மூத்தவன் தவழவே இல்லை. உங்கள் மகள் மாதிரிதான் உட்கார்ந்தே வீட்டைக் கூட்டினான். டவுசர் பின்பக்கம் தேய்ந்ததுதான் மிச்சம். 16 மாதத்தில் எழுந்து நடந்தான். இப்போது பிடிக்க ஆள் வேண்டும். கவலைப்படாதீர்கள் சகோதரி.

குழந்தை_பிசியோ:
மேலே சொன்னது நடக்கக்கூடியதுதான். ஆனால் குறைமாதக் குழந்தை என்பதால் 'கவலைப்படாதீர்கள்' என்று மட்டும் சொல்லி நான் முடிக்க மாட்டேன்.

முதலில் வயதுக் கணக்கு. நாள் நிறைவது 40 வாரம், உங்கள் மகள் 7 வாரம் முந்திவிட்டாள். வளர்ச்சியைப் பார்க்கும்போது அந்த 7 வாரத்தைக் கழிக்க வேண்டும். அப்படியானால் அவளுக்கு இப்போது எட்டு மாதமும் ஒன்றரை வாரமும்தான். இரண்டு வயது வரை இப்படித்தான் பார்ப்போம். ஓரகத்தி பையனோடு ஒப்பிடுவதே முதலில் தப்புக் கணக்கு. தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, அது பிறந்த தேதிப்படிதான். ஒன்பதாம் மாத ஊசி போட்டாயிற்றா?

உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாடுகளின் குழந்தைகளைப் பார்த்து 2006-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. பிடிமானமின்றி உட்காருவது 3.8 முதல் 9.2 மாதம். கையும் முட்டியும் ஊன்றித் தவழ்வது 5.2 முதல் 13.5. தனியாக நடப்பது 8.2 முதல் 17.6. எவ்வளவு அகலம் பாருங்கள். அந்தக் குழந்தைகளிலேயே நூற்றுக்கு 4 பேர் அப்படித் தவழவே இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-ல் தன் குழந்தை வளர்ச்சிப் பட்டியலிலிருந்து தவழ்வதையே எடுத்துவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு குழந்தை தவழும்போது அதன் தோளையும் இடுப்பையும் பார்த்தால் எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இவள் தவழவில்லை என்பதைவிட, எப்படி நகர்கிறாள் என்று பாருங்கள். எப்போதும் ஒரே கையைத்தான் ஊன்றுகிறாளா? பொரி எடுக்கவும் அதே கைதானா? ஒரு வயதுக்குள் ஒரு கையையே நம்பியிருந்தால் 'இடது கைப் பழக்கம் போல' என்று விடக் கூடாது. தூக்கி நிறுத்தினால் கால்கள் விறைத்துக் கத்தரி போல் பின்னிக்கொள்கின்றனவா? நேற்று வரை செய்ததை இன்று விட்டுவிட்டாளா? இதில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே காட்டுங்கள். எதுவும் இல்லை என்றாலும் 33 வாரக் குழந்தையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பொரியை ஐந்து விரலால் வாருவது எட்டு மாதத்துக்குச் சரியே. தின்னும்போது பக்கத்திலேயே இருங்கள்.

வாக்கர் வேண்டவே வேண்டாம். கனடாவில் 2004 முதல் அதை விற்கவே தடை. அதில் உட்கார்ந்த குழந்தை நுனிக்காலால் உந்தி ஒரு நொடியில் படிக்கட்டுக்கோ அடுப்புக்கோ போய்விடும். நடையும் சீக்கிரம் வராது. தரைதான் வேண்டும். பிடித்த சாமானை எட்டாத தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். திரும்பி எட்டும்போதுதான் உட்காருவதிலிருந்து கை ஊன்றி முட்டி போடும் நிலைக்குப் போவாள்.

அங்கன்வாடி_டீச்சர்:
தாய் சேய் நல அட்டையில் மாத வாரியாகப் படம் போட்டிருக்கும், எடுத்துப் பாருங்கள். பலர் ஊசித் தேதி பக்கத்தைத் தாண்டுவதே இல்லை. 2013-லிருந்து நடக்கும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் டாக்டர் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கே வரும். அது வரை காத்திருக்க வேண்டாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மையம்) எங்கே என்று கேளுங்கள், பிசியோ, காது, கண், பேச்சு எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள்.

அத்தையிடம் வாக்கருக்குப் பதில் மர நடைவண்டி கேளுங்கள். ஆனால் அவளாக எழுந்து நிற்கும்போதுதான் அது.

ஓய்வுபெற்ற_தமிழாசிரியர்:
நம் பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதம் செங்கீரை (கை ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது), ஒன்பதாம் மாதம் சப்பாணி கொட்டுதல் (கை தட்டுவது) என்று பருவம் வகுத்திருக்கிறார்கள். என் பேத்தி கை தட்டியது பதினோராம் மாதம். பிள்ளைத்தமிழ் பாட்டுடைத் தலைவர்கள் யாரும் குறைமாதத்தில் பிறக்கவில்லை போலும்.

பவானிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. ஐயா, உங்கள் பதிலைப் படித்து அத்தையே சிரித்துவிட்டார். இரண்டு கையாலும் எடுக்கிறாள், கால் பின்னவில்லை, பேர் சொன்னால் திரும்புகிறாள். ஒன்பதாம் மாத ஊசியும் போட்டாயிற்று. மொசைக் தரையில் வழுக்குகிறது என்று பாய் விரித்து, முட்டி வெளியே தெரிகிற மாதிரி கவுன் போட்டுவிட்டேன். சீப்பைப் பக்கவாட்டில் வைத்தால் ஒரு கை ஊன்றி எட்டுகிறாள், அப்படியே மூக்கில் விழுகிறாள். செவ்வாய்க்கிழமை டி.இ.ஐ.சி. போகிறோம். என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

குழந்தை_பிசியோ:
மூக்கில் விழுவது நல்ல செய்தி, முயற்சி பண்ணுகிறாள். டிஸ்சார்ஜ் சீட்டு, கண்ணில் விழித்திரை பார்த்த சீட்டு, காது பரிசோதனைச் சீட்டு, தாய் சேய் நல அட்டை. காது பார்த்த சீட்டு இல்லையென்றால் அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள், இன்குபேட்டரில் இருந்த குழந்தைக்கு அதை விடக் கூடாது. பின்னால் நகர்வதை போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், புது இடத்தில் செய்து காட்ட மாட்டாள். தூங்கி எழுந்து வயிறு நிறைந்த நேரமாகப் பார்த்துக் கிளம்புங்கள்.